புதுவைப்பு: கொச்சிக் கரையில் கடல் இட்டதும் எடுத்ததும்

ஒரு தீவு தோன்றிய ஆண்டை முதலாகக் கொண்டு காலத்தைக் கணக்கிட்ட நாடு ஒன்று இந்தியாவின் மேற்குக் கரையில் இருந்தது. கொச்சி அரசின் பழைய ஆவணங்கள் சிலவற்றில் ‘புதுவைப்பு’ என்றொரு ஆண்டு குறிக்கப்பட்டுள்ளது. கி.பி. 1341இல் தொடங்கும் கணக்கு அது. அரசர் முடிசூடியதைக் கொண்டும் போரில் வென்றதைக் கொண்டும் ஆண்டு தொடங்குவது உலகெங்கும் உள்ள வழக்கம். கடல் புதிதாக மண் வைத்ததைக் கொண்டு ஆண்டு தொடங்குவது அரிது. கடல் ஒதுக்கித் தந்த நிலத்தை மலையாளத்தில் ‘கடல்வைப்பு’ என்றே சொல்வர். எறணாகுளத்துக்கு மேற்கே, காயலுக்கும் அரபிக்கடலுக்கும் நடுவில், ஏறத்தாழ 25 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நாடாவைப் போலக் கிடக்கும் வைப்பின் தீவு அந்தச் சொல்லையே தன் பெயராகக் கொண்டிருக்கிறது.

மரபாகச் சொல்லப்படும் வரலாறு இது: 1341ஆம் ஆண்டு மழைக்காலத்தில் பெரியாற்றில் பெருவெள்ளம் வந்தது. அது கொண்டுவந்த மண் கொடுங்கல்லூர்த் துறைமுகத்தை, அதாவது சங்க இலக்கியம் முசிறி என்று பாடிய துறையை, தூர்த்துவிட்டது. தெற்கே கொச்சியில் புதிய முகத்துவாரம் ஒன்று உடைந்து திறந்தது. இரண்டுக்கும் நடுவில் வைப்பின் தீவு எழுந்தது. ஒரு துறைமுகம் இறந்து மற்றொன்று பிறந்தது. பாடநூல்களும் சுற்றுலாக் கையேடுகளும் இவ்வளவையும் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகின்றன.

இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. அந்த வெள்ளத்தைக் கண்டவர் எவரும் எழுதிய குறிப்பு நமக்குக் கிடைக்கவில்லை. புதுவைப்பு ஆண்டும், வாய்மொழி மரபும், கொச்சி அதற்குப் பின்னரே வரலாற்றில் தலைகாட்டுகிறது என்ற உண்மையும் சேர்ந்துதான் அந்த முடிவுக்கு இட்டுச் செல்கின்றன. அந்த முடிவு முற்றிலும் தவறென்று சொல்ல இயலாது. ஆனால் ஆறும் கடலும் எந்த வேகத்தில் எதைச் செய்ய வல்லவை என்று கேட்டால், மூன்று நிகழ்ச்சிகளையும் ஒரே இரவில் அடக்கிவிடும் கதை அப்படியே நிற்காது.

கரை உருவாகும் முறையை முதலில் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனிக்காலத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. பனி உருகக் கடல் ஏறி வந்தது. சுமார் 6,000 முதல் 7,000 ஆண்டுகளுக்கு முன் அந்த ஏற்றம் பெரும்பாலும் ஓய்ந்தது. அதன் பிறகுதான் அலைகளுக்கு ஓரிடத்தில் நின்று வேலை செய்ய வாய்ப்புக் கிடைத்தது. மலைத்தொடரிலிருந்து குறுகிய தொலைவில் கடலுக்கு இறங்கும் கேரள ஆறுகள் மண்ணைக் கொண்டுவந்து சேர்த்தன. 244 கிலோமீட்டர் நீளமுள்ள பெரியாறு அவற்றுள் பெரியது. வந்த மண்ணை அலைகள் பிரித்தெடுத்தன. கனத்த மணல் கரையோரம் தங்கியது; நுண்ணிய களிமண் ஆழத்துக்கும் காயலுக்கும் போனது. தங்கிய மணல் கரைக்கு இணையான நீண்ட மேடுகளாக வளர்ந்தது. மேட்டுக்குப் பின்னால் சிறைப்பட்ட நீரே காயல். இந்தியாவின் மிக நீண்ட ஏரியாகச் சொல்லப்படும் வேம்பநாட்டுக் காயல் அவ்வாறு பிறந்ததுதான்.

மேட்டை உடைத்துக்கொண்டு நீர் கடலோடு கலக்கும் இடத்துக்கு மலையாளத்தில் ‘அழி’ என்று பெயர். முனம்பத்துக்கு எதிரே உள்ள அழீக்கோட்டின் பெயரில் அது இன்றும் இருக்கிறது. காயலில் மண் சேர்ந்து மேலெழுந்த திட்டு ‘துருத்து’. கோதுருத்து, வெண்டுருத்தி என ஊர்ப்பெயர்களில் அதுவும் பரவிக் கிடக்கிறது. அழி, துருத்து, வைப்பு என்னும் இந்த ஊர்ப்பெயர்களை வரிசையாகப் படிப்பவருக்கு அந்த நிலத்தின் வரலாற்றில் பாதி விளங்கிவிடும். மீதிப் பாதிக்கு மணல் நகரும் முறையை அறிய வேண்டும்.

அலை கரைக்குச் செங்குத்தாக வருவது அரிது. பெரும்பாலும் சாய்வாகவே வந்து மோதும். ஏறும்போது மணலைச் சாய்வாக மேலே தள்ளும். இறங்கும்போது நீர் சரிவின் போக்கில் நேராகக் கடலுக்குத் திரும்பும். ஒவ்வோர் அலையிலும் மணல் ஒரு முழமோ அரை முழமோ பக்கவாட்டில் இடம்பெயர்கிறது. ஆண்டு முழுவதும் இது நடப்பதால் கரையோரமாக ஒரு மணலாறே ஓடுகிறது எனலாம். மேற்குக் கரையில் இந்த மணலாறு பருவத்துக்குப் பருவம் திசை மாறுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவக்காற்றின் அடர்ந்த அலைகள் கரையை அரித்து மணலைக் கடலுக்குள் சற்றுத் தொலைவில் திட்டாகக் குவிக்கின்றன. மழை ஓய்ந்தபின் வரும் நீண்ட, தணிந்த அலைகள் அதே மணலைச் சிறிது சிறிதாகக் கரைக்குத் திருப்பித் தருகின்றன. ஆடியில் வாங்கிய கடனைத் தையில் அடைப்பது போன்ற ஏற்பாடு. கடன் முழுவதும் திரும்பும்வரை கரை அதே இடத்தில் இருக்கும். இடையில் யாரேனும் அந்த மணலை மறித்துக்கொண்டாலோ, ஆறு புது மணல் தருவதை நிறுத்திக்கொண்டாலோ கணக்கு முறியும்.

இந்த அறிவோடு முசிறியைப் பற்றிய பழஞ்சான்றுகளுக்குத் திரும்பினால் அவை வேறு விதமாகப் பேசத் தொடங்குகின்றன. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘எரித்ரேயக் கடல் வழிகாட்டி’ என்னும் கிரேக்கக் கையேடு, முசிறி கடற்கரையில் இல்லை, ஆற்றின்மீது உள்ளது என்கிறது. கடலிலிருந்து ஆற்றுவழியே 20 ஸ்டேடியா, ஏறத்தாழ மூன்றரை முதல் நான்கு கிலோமீட்டர், உள்ளே போக வேண்டும். அதே நூற்றாண்டில் எழுதிய ரோமானியர் பிளினி இன்னும் வெளிப்படையானவர். முசிறி சென்றுசேரத் தக்க துறையன்று என்பது அவர் கருத்து. அருகில் கடற்கொள்ளையர் இருப்பதை ஒரு காரணமாகச் சொல்கிறார். மற்றொரு காரணம் நிலவியல் சார்ந்தது: கப்பல்கள் நிற்கும் இடம் கரையிலிருந்து வெகுதொலைவில் உள்ளது, சரக்குகளைச் சிறு படகுகளில் ஏற்றி இறக்க வேண்டியிருக்கிறது.

ரோமிலிருந்த பிளினி கேள்விப்பட்டு எழுதிய இதனைப் புறநானூற்றின் 343ஆம் பாட்டு உறுதிசெய்கிறது. கலங்கள் கொண்டுவந்த பொன்னைக் காயல் தோணிகள் கரை சேர்ப்பதாக அங்கே பேசப்படுகிறது. அகநானூற்றின் 149ஆம் பாட்டோ யவனரின் கலங்கள் சுள்ளியாற்றின் நுரையைக் கலக்கிக்கொண்டு வருவதாகக் காட்டுகிறது. சுள்ளி என்பது பெரியாறு. பெருங்கலங்கள் ஆற்றுக்குள் வந்தனவா, வெளியிலேயே நின்றனவா? நீர் நிறைந்த நாளில் உள்ளே வருவதும், குறைந்த நாளில் வெளியே நிற்பதும் ஒரே துறையில் நடக்கக்கூடியவையே. இரு புலவரும் இருவேறு நாளைப் பாடியிருக்கலாம். எப்படியாயினும், 1341க்கு 1,200 ஆண்டுகளுக்கு முன்பே முசிறியின் வாயில் மண் சேரத் தொடங்கியிருந்தது என்பதற்குப் பிளினியின் குறை ஒரு தெளிவான சான்று. அதனை ஒரு வணிகனின் முணுமுணுப்பாக மட்டும் படித்துக் கடந்துவிடுவது பொருந்தாது.

அகழாய்வும் இதே திசையில் செல்கிறது. கேரள வரலாற்று ஆய்வுக் கழகம் 2007 முதல் வடக்குப் பரவூரை அடுத்த பட்டணம் என்னும் சிற்றூரில் நடத்திய அகழாய்வில் மத்தியதரைக் கடற்பகுதியின் சாடித்துண்டுகள், மணிகள், செங்கற் கட்டுமானங்கள் ஆகியவற்றோடு படகுத்துறை போன்ற ஓர் அமைப்பும் வெளிப்பட்டது. அதன் அருகே சுமார் 6 மீட்டர் நீளமுள்ள, ஒற்றை மரத்தில் குடைந்த ஓடம் ஒன்று சேற்றில் புதைந்து கிடந்தது. பட்டணமே முசிறியா, முசிறித் துறைத்தொகுதியின் ஒரு பகுதியா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் பெருங்கலத்தை அணைக்கும் துறையாக அன்றி, ஓடம் வந்து நிற்கும் காயல் துறையாகவே அந்த இடம் காட்சி தருகிறது.

பட்டணம் இன்று கடலிலிருந்து ஏறத்தாழ 4 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. அதற்கும் கடலுக்கும் நடுவில் கிடப்பது வைப்பின் தீவின் வடபகுதி. வைப்பின் முழுவதும் 1341இல்தான் எழுந்தது என்றால், அதற்கு முன் கடல் பட்டணத்துக்கு மிக நெருக்கமாக இருந்திருக்க வேண்டும். அப்படியானால் கிரேக்கக் கையேடு சொல்லும் 20 ஸ்டேடியாவை எங்கே வைப்பது? ஆறு வளைந்து ஓடியிருக்கலாம், பழைய வாய் வேறிடத்தில் இருந்திருக்கலாம் என்று பதில் சொல்லலாம். ஆயினும் எளிய விடை ஒன்று உண்டு. இன்று வைப்பின் என்று அழைக்கப்படும் மணல்மேட்டின் ஏதோ ஒரு பகுதி, ஏதோ ஒரு வடிவில், சங்க காலத்திலேயே அங்கே இருந்திருக்க வேண்டும்.

அடுத்த கேள்வி, ஒரே வெள்ளம் எவ்வளவு செய்யும் என்பது. பெரியாறு பிற்காலத்தில் இரண்டு மாபெரும் வெள்ளங்களைக் கண்டது. ஒன்று 1924 ஜூலையில் வந்தது. கொல்லம் ஆண்டு 1099 ஆதலால் இன்றும் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்றே கேரளத்தார் அதனைக் குறிப்பிடுவர். மூணாற்றின் மலை இருப்புப்பாதையை அது இருந்த இடம் தெரியாமல் அழித்தது. மற்றொன்று 2018 ஆகஸ்டு வெள்ளம். இரண்டுமே கரையில் புதிய தீவு எதையும் எழுப்பவில்லை. அணைகளும் துறைமுகமும் வந்தபின் நேர்ந்தது என்பதால் 2018ஐ நேரடியாக ஒப்பிட முடியாது. 1924ஐ ஓரளவு ஒப்பிடலாம்.

மணல்மேட்டை உடைத்து வாய் திறப்பது வெள்ளத்துக்கு ஒருநாள் வேலை. காயலில் நீர் தேங்கி, மேட்டின் மெலிந்த இடத்தில் வழிந்து, சில நாழிகைகளில் பள்ளம் பறித்துவிடும். அதை நம்புவதில் தடையில்லை. ஆனால் 25 கிலோமீட்டர் நீள நிலத்தை ஆறு ஒரே மழையில் கொட்டிவிடுவதில்லை. அதைக் கடல் பல நூறு ஆண்டுகளாக அலை அலையாகக் கோத்திருக்க வேண்டும். துறைமுகம் தூர்வதும் அப்படித்தான். ஆகவே 1341இல் நேர்ந்ததாகச் சொல்லப்படுவது ஒரு நெடிய நோயின் கடைசி நாள் எனக் கொள்வதே பொருத்தம். கொடுங்கல்லூர்வாய் மெல்ல மெல்ல ஆழம் இழந்து வந்தது. கடலோர மேடு மெல்ல மெல்ல அகன்று வந்தது. கொச்சியில் வாய் உடைந்து, காயல்நீர் அந்த வழியே வேகமாக வடியத் தொடங்கியபோது மற்ற இரண்டும் ஊரார் கண்ணுக்குப் புலப்பட்டன. புதிய வாய் தன் வேகத்தால் தன்னையே ஆழப்படுத்திக்கொண்டது. வேகம் இழந்த பழைய வாய் மேலும் தூர்ந்தது. மக்கள் அந்த நாளையே பிறந்தநாளாக நினைவில் வைத்தனர். பிறந்தநாளை வைத்து ஆண்டு எண்ணலாம். கருவுற்ற காலத்தை வைத்து எண்ண இயலாது அல்லவா?

அந்த ஆண்டையொட்டி ஏதோ பெரிதாக நிகழ்ந்தது என்பதற்குச் சுற்றுச்சான்றுகள் வலுவானவை. 1340களின் தொடக்கத்தில் கோழிக்கோட்டிலிருந்து கொல்லம்வரை உள்நாட்டு நீர்வழியாகச் சென்ற இப்னு பதூதா கொச்சி என்றொரு ஊரைக் குறிப்பிடவில்லை. மட்டாஞ்சேரியின் பரதேசி யூத தேவாலயத்தில் ஒரு பழைய கல்வெட்டு பதிக்கப்பட்டிருக்கிறது. அது கொச்சங்காடியில் இருந்து பின்னர் அழிந்துபோன தேவாலயத்தின் கல். அதன் ஆண்டு 1344. கொடுங்கல்லூரையே தம் தாயகமாக நினைத்த ஒரு வணிகச் சமூகம், வெள்ளம் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் ஆண்டுக்கு மூன்று ஆண்டுகளுக்குள் கொச்சியில் வழிபாட்டிடம் எழுப்பியிருக்கிறது. வணிகரின் கால்கள் நீரின் ஆழத்தை முதலில் அறிந்தன. அரசரின் கால்கள் பின்னால் வந்தன: பெரும்படப்பு அரசமரபு தன் தலைநகரை 1405இல் கொச்சிக்கு மாற்றியது. அதே காலத்தில் சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹேயின் பயணங்களில் உடன்சென்ற மா ஹுவான் கொச்சியை ஒரு நாடாகவே விவரித்து எழுதினார்.

போர்த்துகேயர் 1500இல் வந்தபோது கொச்சி கப்பல் நிற்கத் தக்க துறையாக இருந்தது. 1503இல் அங்கே மானுவல் கோட்டை எழுந்தது. அதே தலைமுறையில் வைப்பின் தீவின் வடமுனையில், பெரியாற்றின் பழைய வாயை நோக்கியபடி, பள்ளிப்புரத்தில் அறுகோண வடிவக் கோட்டை ஒன்றையும் அவர்கள் கட்டினர். இந்தியாவில் எஞ்சியுள்ள ஐரோப்பியக் கட்டடங்களுள் மிகப் பழையவற்றில் ஒன்று அது. கல் சுமக்கும் அளவுக்கு அந்த மணல் அப்போதே இறுகியிருந்தது.

கொச்சிக்குக் கிடைத்த வாய் முழுக் கொடையாக அமையவில்லை. முகத்துவாரத்துக்கு வெளியே, வடியும் நீர் தன் வேகத்தை இழக்கும் இடத்தில், மணல் குவிந்து கடலடியில் ஒரு வரம்பாக நின்றது. உள்ளே ஆழமான, காற்றுப் படாத காயல், வாசலில் மேடு. நீராவிக் கப்பல்கள் பெருத்துக்கொண்டே போன 19ஆம் நூற்றாண்டில் அவை வாசலுக்கு வெளியே திறந்த கடலில் நங்கூரமிட்டு நின்றன. சரக்கு படகுகளில் போய் வந்தது. பிளினி சொன்ன அதே குறை, அதே காயல் தொகுதியின் வேறொரு வாயில், 1,800 ஆண்டுகள் கழித்து. பருவக்காற்றுக் காலத்தில் அதுவும் இயலாது.

அப்போது கப்பலோட்டிகள் வேறொரு விந்தையை நாடினர். வைப்பின் கரையில் ஞாறைக்கல்லுக்கு எதிரேயும், தெற்கே ஆலப்புழைக்கு எதிரேயும், கொந்தளிக்கும் கடலின் நடுவே சில இடங்கள் குளம்போல் அமைதியாகக் கிடக்கும். அடியில் குழம்பாக மிதக்கும் நுண்சேறு அலையின் ஆற்றலை உறிஞ்சிக்கொள்வதால் உண்டாகும் சேற்றுத்திட்டுகள் அவை. மீனவர் அதனைச் ‘சாகரா’ என்பர். அங்கே மீன் திரளும். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அலெக்சாண்டர் ஹாமில்டன் என்னும் கப்பலோட்டி இதனைச் சேற்று விரிகுடா என்று வியந்து எழுதினார். காயலிலிருந்து பூமிக்கடியில் கால்வாய் ஓடிக் கடலில் சேற்றைக் கக்குகிறது என்று சிலர் கருதினர். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் வில்லியம் கிங் 1884இல் ஞாறைக்கல், ஆலப்புழைத் திட்டுகளைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். கடல் தன் அடியில் சேர்த்துவைத்த பழஞ்சேற்றைப் பருவ அலை கிளறுவதே காரணம் என்ற விளக்கம் பின்னர் வலுப்பெற்றது. ஆலப்புழையின் வணிக வாழ்வு நெடுங்காலம் இந்தச் சேற்றின் கருணையில் நடந்தது. திட்டு இடம் மாறினால் நங்கூரமிடும் இடமும் மாறியாக வேண்டும்.

1920இல் சென்னை அரசு அனுப்பிய பொறியாளர் இராபர்ட் பிரிஸ்டோ கொச்சிக்கு வந்தார். வாசலில் கிடந்த மேட்டை வெட்டிக் கப்பலை உள்ளே கொண்டுவருவது திட்டம். மண் தோண்டுவதைவிட, தோண்டியபின் கரைக்கு என்ன நேரும் என்பதே அவரை அதிகம் வாட்டிய கேள்வி. வெளித்திட்டு அலையை முதலில் வாங்கி உடைக்கும் காவலும்கூட. அதை வெட்டினால் வைப்பின் கரை அரிக்கப்படுமோ? வைப்பின் கரைந்தால் அதற்குப் பின்னால் துறைமுகம் ஏது? அவர் காற்றையும் அலையையும் நீரோட்டத்தையும் ஆண்டுக்கணக்கில் அளந்தார். வைப்பின் கரையைக் காக்கக் கருங்கல் தடுப்புகள் இடப்பட்டன. ‘லார்டு வில்லிங்டன்’ என்னும் தூர்வாரும் கப்பல் வேலையைத் தொடங்கியது. 1928 மே மாதம் பம்பாயிலிருந்து வந்த ‘பத்மா’ என்னும் கப்பல் வெட்டிய கால்வாய் வழியே காயலுக்குள் நுழைந்தது. வெண்டுருத்தியைச் சுற்றித் தோண்டிய மண்ணைக் கொட்டி எழுப்பிய நிலமே வில்லிங்டன் தீவு. 1936இல் கொச்சி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. கடல் பல நூற்றாண்டுகளில் செய்ததைப் பொறி சில ஆண்டுகளில் செய்தது. பிரிஸ்டோ தம் பணியின் பகுதியாக மலபார்ச் சேற்றுத்திட்டுகளின் வரலாற்றையும் எழுதினார் என்பது குறிப்பிடத் தக்கது. தாம் வெட்டுவது உயிருள்ள ஒன்றை என்று அறிந்திருந்த பொறியாளர் அவர்.

வெட்டிய கால்வாய் வெட்டியபடியே நிற்காது. காயலிலிருந்து வரும் சேறும், கரையோரம் நகரும் மணலும் அந்தப் பள்ளத்தைத் தம் இடமாகக் கொள்கின்றன. ஆதலால் ஒவ்வோர் ஆண்டும் தூர்வார வேண்டும். வாரிய மண் ஆழ்கடலில் கொட்டப்படுகிறது. மணலாறு ஓடிய பாதையின் குறுக்கே நிரந்தரமாக ஒரு குழி. இதன் விளைவு என்று கருதத் தக்க மாற்றங்கள் இருகரையிலும் வேறுவேறாகத் தெரிகின்றன. வாயின் வடபுறத்தில் வைப்பின் தென்முனை கடலை நோக்கி வளர்ந்தது. பழைய பெயரே பொருந்தும்படி அது புதுவைப்பு என்றே வழங்குகிறது. தென்புறத்தில் கோட்டைக் கொச்சியின் கடற்கரை ஒடுங்கியது. 1806இல் ஆங்கிலேயர் வெடிவைத்துத் தகர்த்த கோட்டையின் எச்சங்களை இன்று அலை கழுவுகிறது. கோட்டைக் கொச்சியிலிருந்த கலங்கரைவிளக்கம் 1979இல் புதுவைப்புக்கு இடம்பெயர்ந்தது. காரணம் எதுவாயினும், தேயும் கரையிலிருந்து வளரும் கரைக்கு விளக்கு போய்ச் சேர்ந்தது.

வளர்ந்த நிலத்துக்கு உரிமையாளர் உடனே வந்துவிடுவர். புதுவைப்பில் இயற்கை எரிவாயு முனையம் 2013இல் இயங்கத் தொடங்கியது. அதன் பக்கத்தில் மற்றோர் எரிவாயு முனையம் எழுந்தபோது 2017இல் ஊர்மக்கள் பெரும் போராட்டம் நடத்தினர். வழக்கில் முதன்மையாக நின்ற வாதங்களுள் ஒன்று, கட்டுமானத்துக்கும் உயர் ஓதக்கோட்டுக்கும் இடையே எவ்வளவு தொலைவு என்பது. கரை அரிக்கப்பட்டுக் கோடு உள்ளே வந்துவிட்டது என்றனர் ஊரார். தீர்ப்பாயம் அவர்களின் மனுவை ஏற்கவில்லை. சட்டத்துக்கு அசையாத கோடு வேண்டும். இந்தக் கரையில் அப்படியொரு கோடு இருந்ததில்லை.

வைப்பின் ஒரே தீவுதான். ஆனால் அதன் நடுப்பகுதிக்குத் தென்முனையின் நல்லூழ் வாய்க்கவில்லை. ஞாறைக்கல், நாயரம்பலம், எடவனக்காடு ஆகிய ஊர்களில் கடல் கற்சுவரைத் தாண்டி வீட்டுமுற்றத்துக்கு வருகிறது. 2004 ஆழிப்பேரலையில் எடவனக்காடு உயிர்களை இழந்தது. இந்தத் தீவின் காயற்பக்கத்தில்தான் பொக்காளி வயல்கள் உள்ளன. மழைக்காலத்தில் ஆற்றுநீர் உவர்ப்பைக் கழுவியபின் உயரமான, உப்பைத் தாங்கும் நெல் விளையும். அறுவடைக்குப் பின் ஓதம் ஏறி, அதே வயலில் இறால் வளரும். படிவு நிலத்தின் இயல்பை முற்றும் உணர்ந்த வேளாண்மை அது. 1341 வெள்ளத்தோடுதான் அந்த நெல் வந்தது என்று சொல்வாரும் உண்டு. கடற்சுவர் ஓரிடத்தில் உடைந்து உவர்நீர் பருவம் தவறி ஏறினால் அந்த ஆண்டு நெல் இல்லை.

கொச்சிவாய்க்குத் தெற்கே செல்லானம். கடலுக்கும் காயலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மீனவர் ஊர். அதன் வடக்கே கண்ணமாலி, செறியகடவு. 2017 டிசம்பரில் ஒக்கிப் புயலின்போதும், 2021 மே மாதத்தில் டவ்தே புயலின்போதும் இங்குள்ள வீடுகள் கடல்நீரில் மூழ்கின. புயல் இல்லாத நாளிலும் நீர் வரும். தெற்குப் பெருங்கடலில் எங்கோ எழுந்த நெடிய அலைகள், இங்கே வானம் தெளிந்திருக்கும்போதே அறிவிப்பின்றிக் கரையேறும். மீனவர் அதற்கு இட்ட பெயர் ‘கள்ளக்கடல்’. 2012இல் யுனெஸ்கோ அச்சொல்லை அறிவியற் சொல்லாகவே ஏற்றுக்கொண்டது.

செல்லானம் ஏன் கரைகிறது என்பதற்கு ஒரே காரணத்தைச் சுட்டுவது எளிது; சரியாகாது. ஊரார் துறைமுகக் கால்வாயைச் சுட்டுகின்றனர். தங்கள் கரைக்கு வரவேண்டிய மண் அங்கே விழுந்து ஆழ்கடலுக்குப் போகிறது, அதனைத் தங்கள் கரையில் இடுங்கள் என்பது அவர்களின் நெடுநாள் கோரிக்கை. நியாயமான கோரிக்கை, ஆனால் கால்வாயில் சேர்வதில் பெரும்பகுதி சேறும் களியும். அலை படும் கரையில் சேறு தங்காது, மணலே தங்கும். அந்த மணல் எங்கே போயிற்று என்று கேட்டால் பார்வை மலைப்பக்கம் திரும்ப வேண்டும். 1895இல் முல்லைப்பெரியாறு அணை பெரியாற்றின் தலைநீரில் ஒரு பங்கைத் தமிழ்நாட்டு வைகைப் படுகைக்குத் திருப்பியது. 1970களில் இடுக்கி அணை எழுந்தது. தேங்கும் நீரில் மணல் அடியில் தங்கிவிடுகிறது. அணைக்குக் கீழே எஞ்சிய மணலைப் பல பத்தாண்டுகள் வீடு கட்டுவதற்காக ஆற்றுப்படுகையிலிருந்தே அள்ளினர். 1341இல் துறைமுகத்தையே மூடும் அளவுக்கு மணல் சுமந்ததாகச் சொல்லப்படும் ஆறு, இன்று தன் கரைக்கு வேண்டியதைக்கூடச் சுமப்பதில்லை.

கரையை நோக்கிக் கட்டிய சுவர்களும் தம் பங்கைச் செய்தன. சாய்வான மணற்கரை அலையைக் களைப்படையச் செய்து நிறுத்தும். செங்குத்தான சுவர் அலையை அப்படியே திருப்பி அடிக்கும். திரும்பும் நீர் சுவரின் காலடி மணலைப் பறிக்கும். சில ஆண்டுகளில் சுவர் முன்னோக்கிச் சரிந்து கடலில் இறங்கும், மேலும் கல் கொட்ட வேண்டும். சுவர் முடியும் இடத்தில் அரிப்பு அடுத்த ஊரிலிருந்து தொடங்கும். 1990 முதல் 2016 வரையிலான கரைக்கோட்டை ஒப்பிட்ட தேசியக் கடற்கரை ஆராய்ச்சி மையம், இந்தியப் பெருநிலக் கரையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அரிப்புக்கு உள்ளாகியிருப்பதாகவும், மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான கரை வளர்ந்திருப்பதாகவும் கண்டது. கேரளத்தில் அரிப்பின் பங்கு 45 விழுக்காட்டளவு. அதிலும் கற்சுவர் அணிந்து நகராது நிற்கும் கரைகள் நிலைபெற்றவையாகக் கணக்கில் வந்துவிட வாய்ப்புண்டு. சுவருக்கு முன்னால் மணற்கரை இல்லாமற்போனதை அந்த எண் காட்டாது.

2021க்குப் பின் செல்லானத்தில் புதிய பாதுகாப்பு அமைக்கப்பட்டது. கருங்கல்லுக்கு மேல் நான்கு கால் கொண்ட கான்கிரீட் கட்டைகளை, டெட்ராபாட் என்பனவற்றை, ஒன்றோடொன்று கோத்து அடுக்கிய தடுப்பு அது. செல்லானம் மீன்பிடித் துறையிலிருந்து வடக்கே புத்தன்தோடுவரை ஏறத்தாழ 7 கிலோமீட்டர் நீளம். அதற்குப் பின்னால் இருக்கும் வீடுகளுக்கு அடுத்த மழைக்காலங்கள் அமைதியாகக் கழிந்தன. புத்தன்தோட்டுக்கு வடக்கே, தடுப்பு முடிந்த இடத்துக்கு அப்பால், கண்ணமாலியிலும் செறியகடவிலும் ஜூன் மாதம் பிறந்தால் மணல்மூட்டை அடுக்கும் வேலை தொடங்குகிறது. தடுப்பைத் தங்கள் ஊர்வரை நீட்ட வேண்டும் என்று அவர்கள் சாலையில் அமர்கின்றனர். அவர்கள் ஊருக்கும் வடக்கே மிஞ்சியிருப்பது கோட்டைக் கொச்சி, அதை அடுத்துக் கப்பல் நுழையும் வாய், அதற்கப்பால் புதுவைப்பு.